பூச்சியத்தில் தொடங்கும் நிரை

ரவுட்டர் என்ற பெட்டியை முதன்முதலாகத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தபோது எனக்குக் கோபந்தான் வந்தது. முன்பக்கத்தில் இரண்டு மூன்று சின்ன விளக்குகளைத் தவிர ஒன்றுமில்லை. வாசல்கள் எல்லாம் பின்னால். அந்த வாசல்களுக்கு எண் போட்ட ஆள் உலகத்தார் எண்ணுகிற மாதிரி எண்ணவில்லை. ஒன்றில் தொடங்காமல் பூச்சியத்தில் தொடங்கியிருந்தான். இடமிருந்து வலமாகப் போகாமல் வலமிருந்து இடமாகப் போயிருந்தான். மேலேயிருந்து கீழே இறங்காமல் கீழேயிருந்து மேலே ஏறியிருந்தான்.

"வேணுமுன்னே செஞ்சிருக்கானுங்க" என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற அண்ணன் சிரித்தார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. என்னோடு வேலை பார்த்தவர், கினிகத்தேனைக்காரர். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார், என்னை நங்கி என்பார், சிங்களத்தில் தங்கச்சி.

"நங்கி, அத செஞ்சவன் கண்ணாடியில பாத்து செஞ்சிருப்பான்" என்றார்.

இது இலங்கை மலைநாட்டு ஹட்டனில், இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் நடந்தது. பல தேயிலைத் தோட்டங்களை நடத்திய ஒரு கம்பெனிக்கு அங்கே ஒரு வட்டார ஆபீஸ் இருந்தது. ஐந்து தோட்ட ஆபீஸ்களிலிருந்து ஐந்து கம்பிகள் மலையேறி, மலையிறங்கி, அந்தப் பெட்டியின் முதுகில் வந்து சேர்ந்தன. தோட்டத்துக் கணினியில் தட்டுகிற கடிதம் எந்தக் கம்பியில் வந்தது, எந்தக் கம்பியில் போக வேண்டும் என்று வழி சொல்வதுதான் பெட்டியின் வேலை. வழி சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு விலாசம் வேண்டும். முதலில் தட்டின் எண், பிறகு ஒரு சாய்கோடு, பிறகு வாசலின் எண். கீழ்த்தட்டு பூச்சியம், மேல்தட்டு ஒன்று. மேல்தட்டில் நான்கு வாசல் உள்ள பெரிய கார்ட் ஒன்று செருகியிருந்தது. ஒன்று, சாய்கோடு, மூன்று என்றால் மேல்தட்டில் வலக்கைப் பக்கத்திலிருந்து நான்காவது வாசல்.

இரண்டு நாளில் கோபம் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் இது எங்கள் விலாசந்தான். நான் பிறந்தது எட்டாம் நம்பர் லயம் என்கிற வரிசை வீட்டில், மூன்றாவது காம்பரா என்கிற அறையில். தபால்காரர் அப்படித்தான் தேடி வருவார். எங்களுக்கு அடுத்த நான்காவது காம்பராவின் கூரை ஒழுகி, குடியிருந்தவர்கள் கொழும்புக்குப் போய், பத்து வருஷம் பூட்டியே கிடந்தது. அதற்காக ஐந்தாவது காம்பராவை யாரும் நான்கு என்று சொல்லவில்லை. பெட்டியிலும் அப்படியே. பிறகு நான் பார்த்த பெரிய பெட்டிகளில் நான்கு தட்டுகள் இருந்தன. நடுவே ஒரு தட்டு காலியாகக் கிடந்தாலும் அதன் எண் அதற்குத்தான், பக்கத்துத் தட்டு அதை எடுத்துக்கொள்ளாது. நாளைக்கு ஓர் ஆள் வருவான் என்று இடத்தைக் காத்து வைத்திருக்கிற அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. லயத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் புரியும்படி யாரோ எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறான் என்று நினைத்தால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எனக்கு அப்போது பயிற்சிக் காலம். ஆறு மாதம். அதற்கு முன்னே தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்; சனி, ஞாயிறுகளில் ஹட்டன் டவுனில் கணினி படித்தேன். நேர்முகப் பரீட்சையில் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள், ஆகிவிட்டது என்றேன். பிள்ளை உண்டா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் மகளுக்கு அப்போது மூன்று மாதம்.

சொன்னால் வேலை கிடைக்காது என்று பயந்தேன். கிடைத்த பிறகு, சொன்னால் போய்விடும் என்று பயந்தேன். பகல் பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு கனத்து வலிக்கும். கழிப்பறைக்குள் போய்ப் பாலைப் பீய்ச்சி விட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வந்து உட்காருவேன். அண்ணனுக்கும் தெரியாது. சாருக்குத் தெரியவே தெரியாது.

சார் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். குடும்பம் ஊரில்; அவர் ஹட்டனில் ஓர் அறை எடுத்துப் பன்னிரண்டு வருஷமாக இருந்தார். ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தன் கையாலேயே எழுதி ஒட்டுவார். அச்சடித்த மாதிரி எழுத்து. அப்படி ஓர் ஒழுங்கான மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அந்த ஒழுங்குதான் எனக்கு எமனாகவும் இருந்தது. எட்டு மணி என்றால் அவருக்கு எட்டு மணி. சுவரில் ஒரு பட்டியல் தொங்கியது: எட்டு மணிக்கு வந்து அறையைத் திறந்து கம்பிகளைப் பார்க்க வேண்டியவள் பயிற்சியில் இருக்கிற நான், எட்டரைக்கு சார், ஒன்பதுக்குக் கினிகத்தேனையிலிருந்து பஸ்ஸில் வருகிற அண்ணன்.

எங்கள் தோட்டத்துப் பஸ் ஆறே முக்காலுக்கு ஒன்று, ஏழு நாற்பதுக்கு ஒன்று. தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா திறப்பது ஏழு மணிக்கு. என் வீட்டுக்காரர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ராத்திரி வேலை முடித்து வந்து கட்டையாகக் கிடப்பார். ஆக ஏழு நாற்பது பஸ்தான். ஆபீஸ் வாசலில் கால் வைக்கும்போது எட்டரை. சார் எனக்கு முன்னால் வந்து அறையைத் திறந்து வைத்துவிட்டு, வரவுப் புத்தகத்தில் என் பெயருக்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருப்பார். திட்ட மாட்டார். திட்டினாலாவது பதில் சொல்லலாம். "பஸ் பிந்திருச்சி சார்" என்று நானும் ஆறு மாதமாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் மாதக் கடைசி வாரம் சார் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமை கொழும்பால ஆக்கள் வருகினம். ஆறாவது தோட்டத்தின்ர லைன் அதுக்குள்ள வேலை செய்ய வேணும். கார்ட் வந்திட்டுது. நீரே போடும். உம்மை நிரந்தரமாக்கிறதோ இல்லையோ எண்டு நான் அண்டைக்குத்தான் எழுதிக் குடுக்க வேணும்."

சிவப்புப் பேனாவை எடுத்து மூடினார். "வரவுப் புத்தகத்தைக் கொண்டுபோய் நான் ஒண்டும் கதைக்கேலாது. வேலையைக் காட்டினால்தான் கதைக்கலாம்."

பிள்ளை என்று அவர் கூப்பிடுவது யாழ்ப்பாணத்து வழக்கம். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் திக்கென்று இருக்கும்.

ஆறாவது தோட்டம் கினிகத்தேனைப் பக்கம். கீழ்த்தட்டில் சின்னக் குழிகள் இரண்டு இருந்தன. இடது குழியில் ஒரு கார்ட், அதில் ராகலைப் பக்கத்துத் தோட்டத்தின் கம்பி. வலது குழி காலி. முன்பு கொழும்பிலிருந்து வந்து கார்டைப் பொருத்தியவர், எழுதுகிற பழக்கத்தில் இடப்பக்கமிருந்து தொடங்கியிருப்பார் போலும். ராகலைக்கு விலாசம் பூச்சியம், சாய்கோடு, பூச்சியம். புதிதாக வருகிற கினிகத்தேனைக்குப் பூச்சியம், சாய்கோடு, ஒன்று. அப்படித்தான் நான் பெட்டிக்குள் எழுதி வைத்தேன். முதலில் வந்தவனுக்குப் பூச்சியம், பிறகு வந்தவனுக்கு ஒன்று. காம்பராவில் ஏற்கனவே ஆள் இருக்கிறது, அதன் எண் அதற்கு. இதில் என்ன சந்தேகம்?

புதன்கிழமை மத்தியானம் பெட்டியை நிறுத்தி, காலியாக இருந்த வலது குழியில் புதுக் கார்டைச் செருகி, ஆணிகளை முடுக்கி, கம்பியை மாட்டி, மறுபடி போட்டேன். இரண்டு கார்டிலும் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. அண்ணன் கைதட்டினார்.

பெட்டியைச் சோதிக்க ஒரு கட்டளை உண்டு. எதிர்முனை பதில் சொன்னால் திரையில் ஐந்து ஆச்சரியக்குறி வரும். சொல்லாவிட்டால் ஐந்து புள்ளி. கினிகத்தேனைக்குத் தட்டினேன். ஐந்து புள்ளி. சரி, புது லைன்தானே என்று நினைத்தேன். ராகலைக்குத் தட்டினேன். அங்கும் ஐந்து புள்ளி. காலைவரை ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த ராகலையும் வாயை மூடிக்கொண்டது. இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது, இரண்டு பக்கமும் பேச்சில்லை.

சார் வந்தார். கொழும்புக்கு டெலிபோன் போட்டார். அங்கிருந்த இஞ்சினியர் கார்ட் பழுதாகத்தான் இருக்கும், செருகும்போது எதையாவது உடைத்திருப்பார்கள், திங்கட்கிழமை ஆளை அனுப்புகிறேன் என்றார். உடைத்திருப்பார்கள் என்றால் உடைத்தது நான். சார் ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"நீர் ஏதும் இழுத்தனீரோ?"

"இல்லீங்க சார். ஒன்னும் ஒடைக்கல சார்."

"எனக்கு விளங்குது. ஆனா வெள்ளிக்கிழமைக்கு நான் என்னத்தைக் காட்டுறது?"

அன்று வீட்டுக்கு வந்து மகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். கோபத்தில் அழுதேன், அந்தப் பெட்டியின் மேல்தான் முழுக் கோபமும். உன்னை எவ்வளவு மதித்தேன், நீ எனக்கு இப்படிச் செய்யலாமா என்று ஆளோடு சண்டை போடுகிற மாதிரி மனசுக்குள் சண்டை போட்டேன்.

வியாழக்கிழமை காலை மகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றேன். ரோட்டை ஒட்டி ஐந்தாம் நம்பர் தேயிலை மலை. பொம்பளைகள் இருபது பேர் நிரை பிடித்து நின்றார்கள். இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே ஒருத்தி பறித்துக்கொண்டு போகிற இடத்தைத்தான் நிரை என்போம். மேற்பார்க்கிற கங்காணி தினமும் பாதையோரத்திலிருந்து எண்ணி நிரை கொடுப்பார். பாதையோரம் மொத நிரை, அடுத்தது ரெண்டாம் நிரை. எண் மண்ணுக்கு இல்லை, நிற்கிற ஆளை எண்ணித்தான். ஒருத்தி வராவிட்டால் இடைவெளி விட மாட்டார்கள். அடுத்தவள் நகர்ந்து நிற்பாள், எண்ணும் நகரும்.

எனக்கு முன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போன ஒருத்தி அப்போதுதான் கூடையோடு ஓடி வந்தாள். எங்கள் லயந்தான், கைப்பிள்ளைக்காரி. கங்காணி அவளைக் கண்டதும் குரல் கொடுத்தார்.

"தள்ளி நில்லுங்க, புள்ளக்காரி வாரா!"

இருபது பேரும் ஆளுக்கொரு நிரை தள்ளி நின்றார்கள். பாதையோரத்து மொத நிரை அவளுக்கு. கங்காணி மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டு போனார். அதுவரை மொத நிரையில் நின்றவள் ரெண்டாம் நிரைக்காரி ஆனாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மகள் பிறந்த பிறகு இரண்டு வாரம் நானே அந்த மொத நிரையில் நின்றவள். எனக்காகவும் இதே குரல் கேட்டிருக்கிறது, இதே பொம்பளைகள் தள்ளி நின்றிருக்கிறார்கள். அது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? பெட்டியின் பெரிய தட்டுகள் லயத்துக் காம்பரா மாதிரி. காலியானாலும் எண் போகாது. ஆனால் அந்தச் சின்னக் குழிகள் காம்பரா இல்லை, நிரை. வலது குழி காலியாக இருந்தவரை இடது குழிக்காரன்தான் முதல் ஆள், அவன்தான் பூச்சியம். வலப்பக்கம் ஓர் ஆள் வந்ததும் பெட்டி முதலிலிருந்து எண்ணியிருக்கிறது. புதிதாக வந்த கினிகத்தேனை பூச்சியமாகிவிட்டது, ராகலை தள்ளி நின்று ஒன்றாகிவிட்டது. நான் மட்டும் பழைய எண்ணையே எழுதி வைத்திருந்தேன். இரண்டு தோட்டத்துக்கும் விலாசத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, பதில் வரவில்லையே என்று அழுதிருக்கிறேன்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு கணக்கையும் வைத்த அந்த முகம் தெரியாத ஆளைக் கும்பிடலாம் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பஸ் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

மரக்கறி லொறி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, லீக்ஸ் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து போனேன். ஆபீஸுக்குள் நுழையும்போது ஒன்பது இருபது. ஆறு மாதத்தில் அவ்வளவு பிந்தியதில்லை. வரவுப் புத்தகம் மேசையில் திறந்திருந்தது, சிவப்புக் கோடு போட்டாயிற்று. சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. நேரே அறைக்குள் போய், பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கீழ்த்தட்டின் இரண்டு கேபிளையும் கழற்றினேன். இடதில் இருந்ததை வலதில் மாட்டினேன், வலதில் இருந்ததை இடதில் மாட்டினேன்.

"நங்கி, என்ன செய்ற? சார் கொல்லப் போறாரு" என்றார் அண்ணன்.

கதவடியில் சார் நின்றார். நான் ராகலைக்குத் தட்டினேன். ஐந்து ஆச்சரியக்குறி. கினிகத்தேனைக்குத் தட்டினேன். ஐந்து ஆச்சரியக்குறி. அண்ணன் டெலிபோனை எடுத்து ராகலையைக் கூப்பிட்டு, "வருதா?" என்று கத்தினார். அங்கிருந்து "வந்திருச்சி, வந்திருச்சி" என்று கத்தினது எனக்கே கேட்டது.

சார் திரையைப் பார்த்தார், கேபிள்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உதை ஆர் உமக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். இது நெர சார்."

பன்னிரண்டு வருஷம் ஹட்டனில் இருந்தவருக்கு நிரை தெரியாது. அது அவர் பிழையில்லை. டவுனில் இருக்கிறவர்களுக்கு மலை என்றால் பஸ் ஜன்னலில் தெரிகிற பச்சை. அவருடைய மேசையில் இருந்த பென்சில்களை வரிசையாக வைத்து விளக்கினேன். கங்காணி எண்ணுவதைச் சொன்னேன். பிள்ளைக்காரி வருவதை, எல்லோரும் தள்ளி நிற்பதைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு, தன்னிடம் பயிற்சியில் இருக்கிறவளிடமே குனிந்து கேட்கிற பெரியவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"பிந்தி வாற ஆளுக்கு ஏன் முதல் நிரை?"

"பால் குடுக்கப் போகணுமில்ல சார். பாதைக்குக் கிட்ட நின்னாத்தான் ஓடிப் போயிட்டு வரலாம்."

"மற்றவை ஒண்டும் சொல்லமாட்டினமோ?"

"என்னத்த சொல்றது சார்? அவங்களும் ஒரு காலத்துல அதே நெரையில நின்னவங்கதானே. நாங்கூட போன வருசம்…"

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன். ஆனால் ஒழுங்கான மனிதர் எதையும் தவறவிடுவதில்லை. அவருடைய கண் வரவுப் புத்தகத்துக்குப் போனது. ஆறு மாதத்துச் சிவப்புக் கோடுகள்.

"உமக்குப் பிள்ளை இருக்கோ?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "இருக்குங்க சார். பொம்பளப் புள்ள. ஒம்போது மாசம்."

"ஏன் சொல்லேல்ல?"

"நீங்க கேக்கல சார்" என்றேன். சுருக்கென்று வந்துவிட்டது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சார் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குவளையில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை கொழும்பு ஆட்கள் வந்தார்கள், ஆறு தோட்டமும் பேசின, தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். சார் என்ன எழுதிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் திரும்பக் கொழுந்துக்குத்தான் போக வேண்டி வரும் என்று கூடையை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

திங்கட்கிழமையும் ஏழு நாற்பது பஸ்தான். எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தேன். அறை திறந்திருந்தது. வரவுப் புத்தகத்தைப் பார்த்தேன். என் பெயருக்குக் கீழே கோடு இல்லை. சுவரில் பழைய பட்டியல் இல்லை. புதுத்தாள் ஒன்று தொங்கியது, மூன்று மொழியிலும் அந்த அச்சடித்த எழுத்து. எண்கள் ஒன்றில் தொடங்கவில்லை. பூச்சியத்துக்கு நேரே என் பெயர், ஒன்பது மணி. ஒன்றுக்கு நேரே அண்ணனின் பெயர், எட்டரை. இரண்டுக்கு நேரே சாரின் பெயர், எட்டு மணி. என் பெயருக்குப் பக்கத்தில் பயிற்சி என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்த சொல்லைக் காணவில்லை.

அன்றைக்கும் ஒன்பது மணிக்கே வந்து சேர்ந்த அண்ணனுக்குப் பட்டியலைக் கண்டதும் முகம் சுண்டிப் போயிற்று.

"சார், என்ன அநியாயம் இது? நா கினிகத்தேனையில இருந்து வாறவன். என்னப் போயி எட்டரைக்குப் போட்டிருக்கீங்களே?"

சார் கேபிள் ஒன்றின் நுனியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"தள்ளி நில்லும் தம்பி" என்றார். "பிள்ளைக்காரி வாறா."